கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் போதாதா?

கேள்வி: ஜனவரி 6

எங்கள் பையனுக்கு ஒன்பது மாதம். போன வாரம்தான் தவழ ஆரம்பித்தான். அலமாரிக்குப் பூட்டு, மேசை முனைக்கு ரப்பர், பிளக்குக்கு மூடி, மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருகிறார்கள். என் மனைவி முழு நேரமும் வீட்டில்தான் இருக்கிறார். நாங்கள் வளர்ந்தபோது இதெல்லாம் ஏது? கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் போதாதா? பயத்தை விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 6, இரவு 10.50

போதாது. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருப்பவன் சொல்கிறேன். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு இரண்டேகால்.

'நாங்கள் வளர்ந்தபோது ஏது' என்பதை முதலில் ஓரம் கட்டுங்கள். வளர்ந்தவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். வளராமல் போனவர்கள் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

மனைவி முழு நேரமும் வீட்டில் இருக்கிறார், சரி. அவர் குளிக்க வேண்டாமா? வாசலில் யாராவது கூப்பிட்டால் போக வேண்டாமா? அடுப்பில் பால் பொங்கினால்? பூனைகூட எலி வளை முன்னால் எவ்வளவு நேரம்தான் விழித்திருக்கும், அப்புறம் தூங்கிவிடும். அதற்கு அது மட்டும்தான் வேலை.

சக்கரம் வைத்த வாக்கரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ஒரு வினாடியில் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்குள் அது படிக்கட்டில் இருக்கும். வாக்கரோடு உருண்ட குழந்தைகளில் பெரும்பாலானோர் பக்கத்தில் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே உருண்டவர்கள். அதனால்தான் கனடாவில் 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தார்கள். பழையதைக்கூட விற்கக் கூடாது.

காசு பார்க்கிறார்கள் என்பதில் மட்டும் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். அதைப் பற்றி அப்புறம்.

ஜனவரி 7, காலை

ஒரு திருத்தம். நான் சொன்னது குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் வட்டமான வாக்கரை. பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கும் மர நடைவண்டி வேறு சங்கதி. அதைப் பிடித்துக்கொண்டு போகிற குழந்தைக்கு விழுந்தால் வலிக்கும் என்பது தெரியும், ஆகவே மெதுவாகத்தான் போகும். வாக்கரில் இருப்பதற்கு அந்தப் பயமே வராது. நடை பழக வாக்கர் உதவுவதும் இல்லை.

ஜனவரி 7, மதியம்

பிளக் மூடி: அதில்தான் உங்களோடு ஒத்துப்போகிறேன். நான் பன்னிரண்டு வாங்கினேன். நான்கு வாரத்தில் மூன்று காணாமல் போயின. ஒன்றைச் சின்னவள் வாயில் வைத்திருந்தபோது கண்டுபிடித்தேன். ஆபத்தைத் தடுக்க வாங்கிய பொருளே தொண்டையில் சிக்கும் அளவில் இருக்கிறது.

அந்தப் பணத்தை எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். உள்ளேயே ஷட்டர் இருக்கும் சாக்கெட், மீட்டர் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மின்சாரம் உடல் வழியாகத் தரைக்குக் கசிய ஆரம்பித்ததும் கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். எத்தனை பேர் அதை ஒருமுறையாவது அழுத்திப் பார்த்திருக்கிறீர்கள்? நான் முதல்முறை அழுத்தியபோது ஒன்றுமே நடக்கவில்லை. எத்தனை காலமாக அது சும்மா அலங்காரத்துக்கு இருந்ததோ.

ஜனவரி 9, இரவு 11.30

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு மாலை. நான் லேப்டாப்பில் இருந்தேன். சின்னவள் என் காலடியில், கைக்கு எட்டும் தூரத்தில். அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆகவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. குனிந்தால் விளக்கு ரிமோட் இரண்டாகக் கிடக்கிறது. தட்டையான சின்ன ரிமோட், கீழே விழுந்தால் பின்மூடி தானாகக் கழன்றுகொள்ளும். உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்க வேண்டும். இல்லை. அவள் வாயைத் திறந்து பார்த்தேன், இல்லை. கையை விரித்தேன், இல்லை. 'எங்கேம்மா?' என்றால் சிரிக்கிறாள். அந்த வயதில் எதைக் கேட்டாலும் அதே சிரிப்புதான்.

இருமல் இல்லை, அழுகை இல்லை, எச்சில் ஒழுகவில்லை. மனைவி சொன்னாள்: 'கிளம்பு. தேடிக்கொண்டிருக்காதே.' நான் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதுதான் சரி. சிஆர்2032 என்கிற வகை 20 மில்லி மீட்டர் அகலம், 3 வோல்ட். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்குவதற்கென்றே அளவெடுத்த மாதிரி. சிக்கிவிட்டால் உள்ளிருக்கும் அமிலம் கசிந்து இரண்டு மணி நேரத்திலேயே குழாயை ஓட்டையாக்க ஆரம்பித்துவிடும். இரண்டு மணி நேரம் என்பதை நான் அன்று இரவு எக்ஸ்ரே அறைக்கு வெளியே போனில் படித்தேன். படிக்கும்போது ஏற்கெனவே ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பேட்டரி மறுநாள் பெரியவனின் ஷூவுக்குள் கிடைத்தது. அவள்தான் போட்டு வைத்திருக்கிறாள்.

கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவன் நான். அதற்காகத்தான் இதை எழுதினேன்.

ஜனவரி 10, காலை

நேற்று இரவு எழுதியதில் பெரிய பிழை. அமிலம் கசிவது இல்லை. பேட்டரி உடையாமல் முழுசாக இருந்தாலே போதும். ஈரமான சதை இரண்டு முனைகளையும் சேர்த்துவிடுவதால் மின்சாரம் ஓட ஆரம்பிக்கிறது. பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனைப் பக்கம் கடுமையான காரம், அதாவது ஆல்கலி, உண்டாகிச் சதையைக் கரைக்கிறது. சோடா உப்பு அல்ல, கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கப் போடும் காரம் மாதிரி. ஆகவே 'பழைய பேட்டரிதானே, தீர்ந்துபோனது' என்று இழுப்பறையில் போடாதீர்கள். ரிமோட்டுக்குப் போதாத பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி உடனே அப்புறப்படுத்துங்கள்.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சாப்பிடக் கொடுக்கக் கூடாது, ஒன்றைத் தவிர. தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன், அதிகபட்சம் ஆறு முறை. விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால்தான். தேன் சதைக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு பூச்சு போல நின்று காரத்தையும் கொஞ்சம் அடக்குகிறது. இது வைத்தியம் இல்லை, வழியில் நேரம் வாங்கும் தந்திரம். தேன் பாட்டிலைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்பதற்கு என்னைப் போல சோபாவை நகர்த்தலாம்.

ஜனவரி 10, காலை, ஐந்து நிமிடம் கழித்து

கேட்டவருக்கு ஒன்பது மாதக் குழந்தை என்பதை மறந்துவிட்டேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. பொட்டுலிசம் என்ற நோய் வரலாம். உங்களுக்கு அந்தப் படியே கிடையாது, நேராகக் கிளம்ப வேண்டியதுதான்.

ஜனவரி 10, இரவு

வீட்டில் பட்டன் பேட்டரி இருக்கும் பொருள்களை இன்று எண்ணினேன். எடை பார்க்கும் தராசு, தெர்மாமீட்டர், கார் சாவி, மூன்று ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் செருப்பு, அம்மாவின் காது மெஷின். பதினான்கு வந்தது. நான்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். மூடிக்கு ஸ்க்ரூ இருந்தவை ஆறு. மீதியை நகத்தால் திறக்கலாம்.

ஜனவரி 15

தண்ணீர் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 'எங்கள் வீட்டுப் பக்கம் குளமோ ஆறோ கிடையாது' என்று ஒருவர். வாளி இருக்கிறதா?

தவழும் குழந்தைக்கும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் தலைதான் கனம். வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கும், தலை கீழே போகும், கால் தரையை விட்டு எழும்பும். தன்னைத் தூக்கி நிறுத்த அந்தக் கைகளில் பலம் கிடையாது. மூக்கும் வாயும் மூழ்க ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். சினிமாவில் வருவது போலக் கையைக் காலை உதைத்துக் கத்துவது எதுவும் இல்லை. சத்தமே வராது. மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கத்துவதற்கு எங்கே போவது?

உலக சுகாதார நிறுவனம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையில், 2021ஆம் ஆண்டில் மட்டும் மூன்று லட்சம் பேர் மூழ்கி இறந்ததாகக் கணக்கு. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை.

எங்கள் வீட்டில் வாளிக்கு ஒரே விதி: வேலை முடிந்தால் கவிழ்த்து வை. மூடி, பூட்டு எதுவும் இல்லை. செலவும் இல்லை. பழக்கமாக ஒரு மாதம் ஆனது. கவிழ்க்க மறந்தது முக்கால்வாசி நான்தான்.

ஜனவரி 16

தண்ணீரோடு சேர்ந்த இன்னொன்று. நேற்று எழுதும்போது நினைவுக்கு வந்து இரவெல்லாம் குடைந்தது.

ஒருமுறை சொந்தக்காரர் வீட்டில் கூடியிருந்தோம். பெரியவர்கள் மட்டும் பதினொரு பேர். பெரியவனுக்கு அப்போது இரண்டு வயது. நான் மனைவியிடம் இருக்கிறான் என்று நினைத்தேன், அவள் மாமனாரிடம் இருக்கிறான் என்று நினைத்தாள், மாமனார் என் பின்னால் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். அவன் பின்கட்டில் தொட்டி ஓரத்தில் நின்று செருப்பைத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்று ஏற்கெனவே மிதந்தது. ஒரு செருப்புதான் போயிற்று.

தனியாக இருக்கும்போது நான் இவ்வளவு அசட்டையாக இருந்ததே இல்லை. பதினொரு ஜோடிக் கண் என்றால் ஒரு கண்ணும் இல்லை என்று அர்த்தம்.

அதற்கப்புறம் ஒரு பழைய சாவிக்கொத்து வைத்திருக்கிறோம். யார் கையில் அது இருக்கிறதோ அவர் பொறுப்பு. கொடுக்கும்போது 'உன்னிடம்' என்று வாயால் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் 'என்னிடம்' என்று சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். என் மைத்துனன் அதைப் பட்டாபிஷேகம் என்பான். ஆனால் இப்போது அவனே போன் வந்தால் சாவிக்கொத்தை யாரிடமாவது நீட்டிவிட்டுத்தான் எழுகிறான்.

ஜனவரி 16, இரவு

கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று: பின் இருக்கையில் குழந்தை இருந்தால் உங்கள் இடது செருப்பைக் கழற்றிக் குழந்தை பக்கத்தில் வையுங்கள். ஒற்றைக் காலோடு ஆபீசுக்குள் போக முடியாது. தூங்கும் குழந்தையைக் காரில் மறந்து போனவர்கள் அன்பில்லாதவர்கள் இல்லை. தினமும் போகிற வழியில் கையும் காலும் தானாக வேலை செய்யும், மனம் எங்கோ இருக்கும். பூட்டிய கார் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த யோசனை என்று என் மைத்துனன் சொல்கிறான். கிளட்சுக்கு இடது கால் வேண்டுமாம். சரி, கைப்பையை வையுங்கள்.

ஜனவரி 22

மருந்துப் புட்டி மூடி. அழுத்தித் திருகினால்தான் திறக்கும் வகை. 1967இல் கனடாவின் வின்சர் நகரத்தில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர் கொண்டுவந்தது. மாத்திரையை மிட்டாயாக நினைத்து விழுங்கிய குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன மனிதர். அதை வைத்துக்கொண்டு 'இதைக் குழந்தை திறக்காது' என்று நான் ரொம்ப நாள் நம்பினேன்.

அமெரிக்காவில் அந்த மூடியைச் சோதிக்கும் முறையைப் படித்தேன். மூன்றரை வயதைத் தாண்டிய குழந்தைகளிடம் புட்டியைக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடம். முடியாவிட்டால் எப்படித் திறப்பது என்று ஒருமுறை செய்து காட்டுவார்கள், பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள், இன்னும் ஐந்து நிமிடம். நூற்றுக்கு எண்பது பேர் திறக்கவில்லை என்றால் மூடி பாஸ். அதாவது இருபது பேர் திறந்தாலும் பாஸ்! மூடியின் வேலை நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருவது மட்டும்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே சோதனையில் ஐம்பது முதல் எழுபது வயதுக்காரர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திறந்தாக வேண்டும். என் அம்மா அந்தத் தொண்ணூறில் இல்லை. விரல் மூட்டு வலி. அதனால் எல்லா மாத்திரையையும் பிரித்து, கிழமைவாரியாகக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறார். ஒரு கட்டத்தைத் திறக்க ஒரு விரல் போதும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, எல்லாம் அதில். பெரியவர்களுக்கு ஒரு நாள் மாத்திரையாக இருப்பது பத்துக் கிலோ குழந்தைக்கு வேறு கணக்கு, சில வகைச் சர்க்கரை மாத்திரையில் ஒன்றே ஒன்று போதும், உயிருக்கே ஆபத்து.

டப்பாவை உயரத்தில் வைக்கச் சொன்னேன். அவருக்கும் எட்டாமல் போயிற்று. இரண்டு நாள் மாத்திரை போடவே இல்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. ஒருவரைக் காக்கப் போய் இன்னொருவரை மாட்டிவிட்டேன். கடைசியில் அவர் அறை இழுப்பறைக்கு ஒரு சாவிப் பூட்டு, சாவி அவர் கழுத்துச் சங்கிலியில்.

விருந்தினர் கைப்பையைத் தரையில் வைக்க விடாதீர்கள். அதிலும் மாத்திரை இருக்கும். இதைச் சொல்வது சங்கடம்தான். நான் பையை வாங்கி மேலே வைத்துவிடுவேன், மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி 23

அலமாரிக் காந்தப் பூட்டு பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு இரவு எனக்குத் திறக்கத் தெரியாமல் பெரியவனை எழுப்பினோம்.

பிப்ரவரி 2

இன்று ஒரு நண்பரின் குழந்தைக்குக் கையில் கொப்புளம். மேசை விரிப்பைப் பிடித்து இழுத்திருக்கிறாள், சூடான டீ. ஊற்றிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆன டீ, 'குடிக்கிற சூடுதான்' என்றார். நம் வாய்க்குக் குடிக்கிற சூடாக இருப்பது அந்தத் தோலுக்குக் கொதிநீர். குழந்தைத் தோல் நம்முடையதைவிட மெல்லியது.

பற்பசை தடவினார்களாம். வேண்டாம். ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், மை வேண்டாம். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து இருபது. மூன்றாவது நிமிடத்தில் குழந்தை அழும்போது நமக்கே கை எடுத்துவிடும். துணியையும் வளையலையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும், ஒட்டிக்கொண்டதைப் பிய்க்கக் கூடாது. முகம், கை, மூட்டு, அல்லது குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் கட்டாயம் டாக்டர்.

வாட்டர் ஹீட்டரையும் பாருங்கள். 60 டிகிரி வெந்நீர் ஐந்து வினாடிக்குள் தோலின் ஆழம் வரை வேகவைத்துவிடும். 49 டிகிரியில் அதே காயத்துக்குப் பல நிமிடம் ஆகும். குமிழைத் திருகி 49க்கு வைத்துவிடுங்கள், முடிந்தது வேலை.

பிப்ரவரி 4

முடியவில்லை வேலை. பிளம்பர் ஒருவரிடம் பேசினேன். பெரிய தொட்டி ஹீட்டரில் தண்ணீரை இளஞ்சூட்டிலேயே வைத்திருந்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலைத் தாக்கும். தொட்டியில் 60 இருக்க வேண்டும், குழாயில் வரும்போது குறைய வேண்டும். அதற்கென்று பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டை நிலையாக வைக்கும் வால்வு உண்டு. அது இல்லாதவர்கள் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் என்று பிடித்து, முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை இறக்குங்கள்.

இரண்டு நாள் முன்பு எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன், 'முடிந்தது வேலை' என்று!

பிப்ரவரி 11

தொண்டையில் சிக்குவது பற்றிச் சுருக்கமாக.

மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்க ஒரு குழல் இருக்கிறது, 31.7 மில்லி மீட்டர் குறுக்களவு. அதற்குள் அடங்குவது எதுவும் கூடாது. வீட்டில் கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயை வைத்துப் பார்க்கலாம், அது கொஞ்சம் பெரிது, பெரிதாக இருப்பது நல்லதுதான். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். குறுக்கே வெட்டினால் அது இன்னமும் உருண்டைதான். வெடித்த பலூன் துண்டை உடனே பொறுக்குங்கள். அது தொண்டையில் தோல் போல ஒட்டிக்கொள்ளும், தட்டினாலும் வராது.

சத்தமாக இருமினால் விட்டுவிடுங்கள், இருமல்தான் நல்ல மருந்து. சத்தம் நின்றுபோனால் அப்போதுதான் நம் வேலை. தலை தாழ்வாக இருக்கும்படி கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. ஒரு வயதுக்குக் கீழே என்றால் மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து அழுத்தம், மேலே என்றால் வயிற்றில். மாறி மாறி. கூடவே ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி விரலை விடக் கூடாது, உள்ளே தள்ளிவிடுவோம்.

நான் சொன்னதைப் படித்துத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்று இருக்காதீர்கள். நான் ஒரு பொம்மையை வைத்துப் பயிற்சி எடுத்தேன். முதல் தட்டு எவ்வளவு மெதுவாகத் தட்டினேன் என்றால், சொல்லிக் கொடுத்தவர் 'சமாதானம் சொல்கிறீர்களா?' என்று கேட்டார்.

பிப்ரவரி 20

இத்தனையும் எழுதிவிட்டு ஒரு சந்தேகம். கேள்வி கேட்டவரை நான் மட்டம் தட்டிவிட்டேனோ?

நேற்றுப் பூங்காவில் பெரியவன் வலைக்கயிற்றில் ஏறினான். நான் கீழே நின்று 'பார்த்து, பார்த்து' என்று பதினைந்து தடவை சொல்லியிருப்பேன். பக்கத்தில் ஒரு பாட்டி, 'எதைப் பார்க்கணும்னு சொல்லுங்க தம்பி' என்றார். பதில் வரவில்லை. உண்மையில் அவன் பார்க்க வேண்டியது அவன் இடது கால் வைத்திருந்த முடிச்சை. என் குரல் கேட்டு அவன் என்னைப் பார்த்தான்.

நார்வேயில் எல்லன் சாண்ட்செட்டர் என்ற ஆய்வாளர் குழந்தைகள் தாங்களாகத் தேடிப் போகும் ஆபத்தான விளையாட்டுகளை 2007இல் ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவி, நெருப்பும் நீரும் மாதிரி ஆபத்தான இடம், கட்டிப்புரளும் சண்டை, யார் கண்ணிலும் படாமல் தனியே அலைவது. நான் சின்ன வயதில் செய்த எல்லாமே இதில் இருக்கிறது. என் பிள்ளைகள் செய்ததில் இரண்டு இருக்கும்.

கயிற்றின் உயரம் அவனுக்குத் தெரிகிறது. பயந்தால் இறங்கலாம், தவறினால் சிராய்க்கும். பேட்டரி அப்படி இல்லை. பளபளவென்று, வாயில் வைத்துப் பார் என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். குழந்தையால் எடைபோடவே முடியாத ஆபத்தைத்தான் நான் வீட்டிலிருந்து அகற்றச் சொல்கிறேன். மேசை முனை ரப்பரை எடுத்தே போட்டுவிட்டேன். இரண்டு முறை முட்டிக்கொண்டாள், மூன்றாவது முறை சுற்றிக்கொண்டு போனாள். ஆனால் புத்தக அலமாரியைச் சுவரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறேன். இழுப்பறையைப் படியாக்கி ஏறினால் மொத்தமும் மேலே சாயும், அதில் இரண்டாவது முறை என்று ஒன்று கிடையாது.

பிப்ரவரி 28, இரவு

பொருள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், மனிதர்களைப் பற்றி ஒன்றும் காணோமே என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். நான் தள்ளிப்போட்டது உண்மைதான்.

'தெரியாதவர்களிடம் போகாதே' என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறோம். குழந்தையிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலானோர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். வீட்டுக்கு வந்து போகிறவர்கள், நாம் 'மாமாவுக்கு முத்தம் கொடு' என்று தள்ளிவிடுகிறவர்கள். அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். வணக்கம் சொன்னால் போதும். சிலருக்கு வருத்தம், இருக்கட்டும்.

உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தோம், சுற்றி வளைக்காமல். யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம், அப்பா அம்மா தொட்டாலும். இன்னொன்று, ரகசியம். 'யாரிடமும் சொல்லாதே' என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும் என்றேன். அடுத்த வாரமே நான் மாட்டிக்கொண்டேன். மனைவியின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கிவிட்டு 'அம்மாவிடம் சொல்லாதே' என்றேன். பெரியவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நேரே போய்ச் சொல்லிவிட்டான். திட்ட வாய் வரவில்லை. அப்புறம்தான் திருத்தினேன்: எப்போது எல்லோருக்கும் தெரியும் என்று நாள் இருந்தால் அது ஆச்சரியம், எப்போதுமே யாருக்கும் தெரியக் கூடாது என்றால் அது ரகசியம். அவனுக்குப் புரிந்தது. 'அப்போ ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்னு சொல்லியிருக்கணும் நீங்க' என்றான்.

ஒருவேளை குழந்தை ஏதாவது சொன்னால், முதலில் முகத்தை மாற்றாமல் கேளுங்கள். நம் முகம் மாறினால் பாதியில் நிறுத்திவிடும். சொன்னது நல்லது, உன் தப்பு இல்லை, இந்த இரண்டையும் சொல்லிவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். சொந்தக்காரர் என்ன நினைப்பார் என்பது வரிசையில் கடைசி.

மார்ச் 14

இரண்டு வாரமாக எழுதவில்லை. நேற்று நடந்தது.

சின்னவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அதுவரை அவளுக்கு அது எட்டியதே இல்லை, நான் போன மாதம்தான் பார்த்தேன். ஒரு விரலளவு வளர்ந்திருக்கிறாள் போல.

கதவை உடைக்க முடியாது, அவள் கதவை ஒட்டித்தான் நிற்கிறாள். 'மேலே தள்ளும்மா' என்றால் சிரிக்கிறாள். மனைவி ஸ்க்ரூ டிரைவர் தேடப் போனாள். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும்தான் யோசித்தேன்: வாளி. காலையில் கடைசியாகக் குளித்தது யார்? நான். கவிழ்த்தேனா? ஞாபகமே இல்லை. உள்ளே சத்தம் நின்றது. அப்புறம் பிளாஸ்டிக்கைக் கையால் தட்டுகிற ஓசை, டம் டம் என்று. நிமிர்ந்த வாளி அப்படி ஒலிக்காது. கவிழ்த்த வாளியின் அடியில் தட்டுகிறாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு நிமிடம். நாங்கள் கெஞ்சியதெல்லாம் வீண். பெரியவன் வந்து கதவிடுக்கு வழியாக 'உன் யானையை நான் எடுத்துக்கப்போறேன்' என்றான். டக்கென்று திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

தாழ்ப்பாளைக் கழற்றி ஐந்தடி உயரத்தில் மாட்டியிருக்கிறேன். இப்போது பெரியவனுக்கும் எட்டவில்லை. யாரும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று, போனது முதல் வருவது வரை சத்தமாகப் பாடிக்கொண்டே இருக்கிறான்.